நலம் விசாரிக்க வந்தவர் கதவை உடைக்கலாமா?

அமெரிக்காவில் தனித்து வாழும் முதியவர்களின் நலம் அறியச் செல்லும் போலீசாருக்கு, வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழையும் பொது அதிகாரம் வேண்டும் என்ற வாதம், இல்லாத நோய்க்கு மருந்து கேட்கிறது. 1973-இல் ஒரு காரைச் சோதித்த வழக்கில் பிறந்த ‘சமூகப் பராமரிப்பு’ விதி (குற்ற விசாரணை அல்லாத உதவிப் பணியில் போலீசார் வாரண்ட் இன்றிச் செயல்பட இடம் தருவது) வீட்டுக்குப் பொருந்தாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது உண்மை. அதனால் முதியவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்து சாவார்கள் என்பது தவறு. உயிராபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்தால் நுழையலாம் என்ற 2006-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அப்படியே நிற்கிறது. ஞாயிறு வழிபாட்டுக்கு வழக்கத்துக்கு மாறாக வராமல், இரவு வரை போனும் எடுக்காத முதியவரின் வீட்டுக்குள் போலீசார் தாராளமாகப் போகலாம் என்று நீதிபதி பிரெட் கவனா 2021 வழக்கிலேயே தனியாக எழுதியிருக்கிறார்.

உள்ளிருந்து பதில் வரும்போதுதான் சிக்கல். 2011-இல் நியூயார்க் மாநிலத்து வைட் ப்ளெயின்ஸில், 68 வயது இதய நோயாளி ஒருவரின் மருத்துவ எச்சரிக்கைக் கருவி தவறுதலாக இயங்கிவிட்டது. தனக்கு ஒன்றுமில்லை, திரும்பிப் போங்கள் என்றார் அவர். போலீசார் கதவை உடைத்தனர்; அவரைச் சுட்டுக் கொன்றனர். உதவி வேண்டாம் என்று தெளிவாகச் சொல்பவரின் சொல், வயதைக் காட்டித் தள்ளப்படக் கூடாது. உறவினரை அழைக்கவும், கதவுக்கு வெளியே காத்திருந்து பேசவும் எந்தப் புதிய அதிகாரமும் தேவையில்லை.