போர்ப்படம் பொம்பளைக்கு ஆகாது

“ம்மா, இது உனக்கு ஆகாதும்மா. ரொம்ப ரத்தம். பாதியில எந்திரிச்சுப் போயிருவ.”

சொன்னவன் என் மகன். இருபத்திரண்டு வயது. கறிக்கடையில் கோழி உரிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனை நோண்டுகிறவன். இரண்டு பிரசவம் கண்டு, மாமியாரின் படுக்கைப் புண்ணை எட்டு மாதம் கழுவிக் கட்டிய என்னிடம் ரத்தம் எனக்கு ஆகாது என்கிறான். அவனைக் குறை சொல்லி என்ன. அவன் அப்பாவும் அப்படித்தான். வீட்டில் போர்ப்படம் ஓடினால் ஆண்கள் கூடத்தில் உட்காருவார்கள், நாங்கள் அடுப்படியில் இருந்தபடி குண்டுச் சத்தம் கேட்போம். ஐம்பது வயதுவரை என் போர் அனுபவம் முழுக்கக் காதால் வந்ததுதான்.

போன மழைக்காலத்தில், காரைக்குடியில் இரண்டு நாள் விடாமல் தூறிக்கொண்டிருந்தபோது, நானே ரிமோட்டை எடுத்து உட்கார்ந்தேன். ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’. 2001இல் எச்பிஓவில் வந்த தொடர். பத்து அத்தியாயம். ஸ்பீல்பெர்க்கும் டாம் ஹாங்க்ஸும் சேர்ந்து தயாரித்தது. இரண்டாம் உலகப் போரில் வானிலிருந்து பாராசூட்டில் குதித்த அமெரிக்கச் சிப்பாய்கள், ‘ஈஸி கம்பெனி’ என்ற ஒரு சிறு படைப்பிரிவு, நார்மண்டி கடற்கரைப் பகுதியில் இறங்கி ஹிட்லரின் மலைவீடு வரை போன கதை. நடந்த கதை. ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் அந்தக் கிழவர்களே வந்து பேசுகிறார்கள், பேச முடியாமல் நிறுத்துகிறார்கள்.

நான் எந்திரிச்சுப் போகவில்லை. பாஸ்டோன் காட்டில் பனிக்குள் குழி தோண்டிப் படுத்திருக்கும் பையன்களைப் பார்த்து அழுதேன். குண்டு விழுந்து மரங்கள் வெடித்துச் சிதறும்போது என் கால்களை இழுத்துக்கொண்டேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் அவர்கள் ஒரு வதைமுகாமின் கம்பிவேலியைத் திறக்கிறார்கள். அதற்கு அடுத்த நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல படம் இல்லை என்று சொல்ல இந்தக் கட்டுரை எழுதவில்லை. நல்ல படம் என்பதால்தான் எழுதுகிறேன். மோசமான படம் நம்மை ஏமாற்றாது.

எட்டு அத்தியாயம் பார்த்து முடிக்கும்வரை, வாய்விட்டு நாலு வரி பேசிய ஒரு பெண்ணைத் தேடினால் விரல் மடக்க ஆள் இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. நான் அவர்களுக்காக அழுதுகொண்டிருந்தேன். என்னை நான் தேடவில்லை.

பிறகு முதலிலிருந்து மறுபடி பார்த்தேன், இந்தத் தடவை கையில் நோட்டோடு. நான்காம் அத்தியாயம், ஹாலந்தில் ஐந்தோவன் நகரம் விடுதலையாகிறது. தெருவெல்லாம் கொண்டாட்டம். நடுவில் சில பெண்களை இழுத்துவந்து தலையை மழிக்கிறார்கள். ஜெர்மன்காரனோடு படுத்தவர்களாம். இவர்களுக்கு மொட்டையோடு போயிற்று, ஒத்துழைத்த ஆண்களைச் சுடுகிறார்கள் என்று ஒருவர் விளக்கம் சொல்கிறார். சிப்பாய்கள் பார்க்கிறார்கள், கேமரா பார்க்கிறது, நகர்ந்துவிடுகிறது. அவள் பசிக்காகப் போனாளா, பயத்தில் போனாளா, பிடித்துப் போனாளா? கேட்க நேரம் இல்லை, அடுத்த சண்டை வருகிறது. ஒன்பதாம் அத்தியாயத்தில் நிக்சன் என்கிற அதிகாரிக்கு மனைவி விவாகரத்து கேட்டு எழுதிய கடிதம் வருகிறது. நமக்கு அவன் முகம் தெரிகிறது, அவன் குடி தெரிகிறது, நாயைக்கூட அவள் எடுத்துக்கொள்கிறாள் என்ற அவன் புலம்பல் தெரிகிறது. அவள் யார், மூன்று வருடம் என்ன செய்தாள்? ஒரு காகிதமாக வந்து போகிறாள்.

“அந்தப் படையில பொம்பளையே இல்லையேம்மா, இல்லாததை எப்படிக் காட்டுறது?” மகன் கேட்டான். நியாயமான கேள்வி மாதிரி இருக்கிறது. பல கல்லூரிக் கூட்டங்களில் இதே கேள்வியை வேறு படங்களுக்காகக் கேட்டிருப்பீர்கள்.

இருந்தார்கள். ஆறாம் அத்தியாயத்தில் ரெனே என்ற பெல்ஜியம் நாட்டு நர்ஸ் வருகிறாள். அழகான வெள்ளைக்காரப் பெண். சிப்பாய்களின் மருத்துவ உதவியாளனுக்குச் சாக்லேட் தருகிறாள், குண்டு விழுந்து சாகிறாள், இடிபாட்டில் அவள் தலைத்துணி கிடைக்கிறது. ரெனே லெமேர் நிஜமாக வாழ்ந்தவர், 1944 டிசம்பர் 24 அன்று அப்படித்தான் இறந்தார். அவரோடு அதே இடத்தில் இன்னொரு நர்ஸ் வேலை செய்தார். ஒகஸ்டா சிவி. பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்த ஆப்பிரிக்கப் பகுதியில் பிறந்த கறுப்பினப் பெண், அப்போது 23 வயது. குண்டு மழைக்குள் போய்க் காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தவர். அந்தக் குண்டுவீச்சில் பிழைத்தும்விட்டார். தொடரில் அவர் வேறொரு பெயரில் கொஞ்ச நேரம் தலைகாட்டுகிறார், அவ்வளவுதான். அவர் செத்துப்போனதாகவே பல காலம் பலர் நினைத்திருந்தார்கள். ஒரு வரலாற்று ஆய்வாளர் தேடிப்போனபோது முதியோர் இல்லத்தில் இருந்தார். 2011இல்தான் பட்டமும் பதக்கமும் வந்தன, 2015இல் இறந்தார். செத்த வெள்ளைக்காரிக்குக் காதல் சாயல் பூசிய ஒரு அத்தியாயம். பிழைத்த கறுப்புப் பெண்ணுக்கு ஓரத்தில் சில நொடி. எனவே ‘இல்லாததை’ என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இவ்வளவு தூரம் பெல்ஜியத்துக்குப் போவானேன். எங்கள் ஊருக்கு வாருங்கள்.

கானாடுகாத்தானில் வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடு சுற்றிக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இது பர்மாத் தேக்குத் தூண், இது இத்தாலிப் பளிங்கு, இது ஆத்தங்குடிக் கல். தூணைத் தட்டிக் காட்டுவார்கள். அந்தத் தேக்கு வந்த நாட்டில் போர் வந்தது என்று அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. 1930களின் முடிவில் கீழ்ப்பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்வாசி நிலம் செட்டியார் கடைகளின் கைக்கு வந்திருந்தது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மேல் ஜப்பான் குண்டு போட்டது, அடுத்த மார்ச் 8இல் ஊர் விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் பல ஆயிரம். செட்டிநாட்டுக்கு அது கணக்குப் புத்தகத்தில் விழுந்த நஷ்டமாகத்தான் ஞாபகம் இருக்கிறது. எத்தனை ஏக்கர் போயிற்று என்று சொல்ல ஆள் உண்டு.

என் அப்பத்தாவுக்கு ஏக்கர் எதுவும் போகவில்லை. ஒரு பெரிய வீட்டில் அரிசி புடைத்து, பாத்திரம் விளக்கியவள். தாத்தா பெகுவில் இருந்த ஒரு கடைக்குச் சமையலாளாகப் போனவர். ‘கொண்டு விக்கப் போறது’ என்று செட்டியார் வீடுகளில் சொல்வார்கள். விற்கப் போனவருக்குச் சோறாக்கப் போவதற்குப் பெயர் ஏதும் கிடையாது. கல்யாணமான மறுவருடம், 1940இல், கப்பல் ஏறினார். அப்பத்தாவுக்கு வயது பதினைந்து. 1941 கடைசியில் ஒரு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை.

பெரிய வீட்டு ஆச்சிக்கும் கடிதம் வரவில்லை. அந்த ஆச்சிக்குக் காத்திருக்க வளவும் பத்தாயம் நிறைய நெல்லும் இருந்தன. அப்பத்தாவுக்கு மூன்று வருடம் ஆனதும் பங்காளிகள் வந்து உட்கார்ந்தார்கள். போனவன் போய்விட்டான், கருமாதியைச் செய்து முடித்துவிடலாம், பூவையும் பொட்டையும் எடுத்துவிடு, சுமங்கலி வேஷம் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடமாடினால் வீட்டுக்கு ஆகாது. கரிசனம் ஒன்றும் இல்லை. அவர் பங்கில் அரைக் குறுக்கம் புஞ்சை இருந்தது.

“பொணத்தக் காட்டு, தாலிய அறுத்துக்கிறேன்” என்றாளாம்.

இதைச் சொன்னது அப்பத்தா இல்லை, என் பெரியத்தை. அப்பத்தா கடைசிவரை அந்த வருடங்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒகஸ்டா சிவியும் பல காலம் அந்தப் போரைப் பற்றிப் பேசாமலே இருந்தார் என்று படித்தபோது எனக்கு அப்பத்தா ஞாபகம்தான் வந்தது.

தாத்தா 1946இல் வந்து சேர்ந்தார். மலேரியாவோடு வந்தார். இரவில் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுப்பார். பாத்திரம் கீழே விழுந்தால் கை நீளும். யார் எதிரே இருந்தார்களோ அவர்கள்மேல். பெரும்பாலும் எதிரே இருந்தது அப்பத்தா. ‘பர்மாக் கிறுக்கு’ என்று ஊர் பெயர் வைத்தது. அவர் பட்டதை நான் குறைக்கவில்லை. ஈஸி கம்பெனியின் பையன் ஒருவன் பயத்தில் கண் தெரியாமல் போய் உட்கார்ந்திருப்பானே, அவனைப் பார்த்து அழுத எனக்கு தாத்தாவையும் புரிகிறது. ஆனால் தொடரின் கடைசிக் காட்சியில் எல்லாரும் வெயிலில் பேஸ்பால் ஆடுகிறார்கள், ஒவ்வொருவனும் ஊருக்குப் போய் என்ன ஆனான் என்று ஒரு குரல் சொல்கிறது. அந்த வீடுகளின் கதவு வரைதான் கேமரா போகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் கட்டிலுக்கு அடியில் யார் படுத்தார்கள், யார் அடி வாங்கினார்கள் என்பதெல்லாம் போர் ஆகாது. அது குடும்பக் கதை. அதற்கு வேறு சானல்.

தமிழில் இதை எழுத ஆள் இருந்தார்கள். எங்கள் மாவட்டத்துச் சிங்கம்புணரிக்காரர் ப. சிங்காரம், தென்கிழக்காசியப் போரை ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ என்று இரண்டு நாவலாக எழுதினார். தமிழில் அதற்கு இணையான போர் எழுத்து குறைவு, நான் மூன்று தடவை படித்திருக்கிறேன். அங்கும் சாகசம் ஆணுக்கு, காத்திருப்பு மரகதத்துக்கு. அவள் கல்யாணத்தை அவள் அப்பா தீர்மானிக்கிறார். அதே காலத்தில், 1943 அக்டோபரில், சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறந்தது. கேப்டன் லட்சுமி தலைமையில் துப்பாக்கி ஏந்திய பெண்களில் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பெண்கள் ஏராளம், இந்தியாவைக் கண்ணால் பார்த்தே இராதவர்கள். பத்து அத்தியாயத்துக்கு இதில் கதை இல்லையா?

துப்பாக்கி ஏந்திய தமிழ்ப்பெண் வந்தாள் ஒரு தடவை, எப்படி வந்தாள் என்றும் பார்த்துவிட்டோம். 2021 ஜூனில் ‘தி ஃபேமிலி மேன்’ இரண்டாம் பாகம். சமந்தாவின் முகத்தைக் கறுப்பாக்கி, ராஜி என்று பெயர் வைத்து, மில்லில் மேஸ்திரி சீண்ட, பஸ்ஸில் ஒருவன் உரச, முன்கதையில் சிப்பாய்கள் சிதைக்க. வருவதற்கு முன்பே தமிழ்நாட்டில் எதிர்ப்பு. மாநில அமைச்சர் மத்திய அரசுக்குத் தடை கேட்டுக் கடிதம் எழுதினார். தமிழர் மானம், போராட்டத்தின் மானம். சரி, எனக்கும் கோபம்தான். ஆனால் என் காதுக்கு எட்டிய அத்தனை முழக்கத்திலும் ஒரு கேள்வி இல்லை: ஒரு பெண் ஆயுதம் எடுக்க அவளைக் கெடுத்தால்தான் காரணம் கிடைக்குமா? ஆண் போராளிக்கு மண் போதும், மொழி போதும், கொள்கை போதும். பெண்ணுக்கு மட்டும் கிழிந்த துணி வேண்டும். தமிழினி ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ எழுதிவிட்டுப் போனார், அவர் இறந்தபின் 2016இல் புத்தகம் வந்தது. அதில் ஒரு பெண் அரசியல் பேசுகிறாள், தான் இருந்த இயக்கத்தையே விசாரிக்கிறாள். தொடர் எடுக்கிறவர்கள் இதையெல்லாம் படிக்க மாட்டார்கள் போலும்.

கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவியரும் சாலையோரக் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். வருடக்கணக்கில் உட்கார்ந்தார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்தபடியே இறந்தும் போனார்கள் சிலர். இறந்தார் என்று எழுதாமல் காணவில்லை என்று எழுதித் தரும் சான்றிதழுக்கு இலங்கை அரசு 2016இல் சட்டம் கொண்டுவந்தது, நட்ட ஈடும் பேசியது. எங்களுக்குக் காகிதம் வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல் என்கிறார்கள் அந்தப் பெண்கள். இதை வாசித்தபோது அப்பத்தாவின் அந்த ஒரு வாக்கியம் எனக்கு வேறு மாதிரி கேட்டது. பத்தினித்தனம் என்று பெரியத்தை அதைப் பெருமையாகச் சொல்வாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆதாரம் கேட்கிறாள், அவ்வளவுதான். பங்காளிகளிடம் கேட்டாள், இவர்கள் அரசாங்கத்திடம் கேட்கிறார்கள்.

“காத்திருக்கிறதை எப்படிப் படமா எடுக்கிறது, அதுல ஆக்‌ஷனே இல்லையே?” என்றான் மகன். பாஸ்டோன் அத்தியாயம் முழுக்க என்ன நடக்கிறது என்று யோசித்துச் சொல்லச் சொன்னேன். குளிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். சாப்பாடு இல்லை, மருந்து இல்லை, அடுத்த குண்டு எப்போது என்று தெரியவில்லை. முக்கால்வாசி காத்திருப்புதான். அதை ஒரு மணி நேரம் கண் இமைக்காமல் பார்த்தாயே. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஆனா அவங்க காட்டுல இருக்காங்களேம்மா” என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசிப்பு வட்டத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு வருகிறார்கள். கூடத்தில் உட்கார்ந்து ஆறாம் அத்தியாயம் பார்க்கப் போகிறோம். ஒகஸ்டா வரும் இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதாகத் திட்டம். அன்றைக்குச் சோறாக்குவது யார் என்று இன்னும் முடிவாகவில்லை, அப்பாவும் மகனும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.