பட்டாசுப் பெட்டிக்குக் கணக்கு இருக்கிறது, அதைச் செய்தவளுக்கு இல்லை

தீபாவளிக்கு முன் சிவகாசியிலிருந்து வடக்கே புறப்படும் ஒரு லாரியை எடுத்துக்கொள்ளுங்கள் தோழர்களே. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். 2018 முதல் இதுதான் சட்டம். அந்த பில்லில் லாரியின் பதிவு எண் இருக்கும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கெடுவும் இருக்கும். கப்பலூர் சுங்கச்சாவடியைத் தாண்டும்போது கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் நேரத்தைப் பதிவு செய்யும். பசுமைப் பட்டாசு என்றால் பெட்டியின் மேல் கியூஆர் கோடு. 2025 அக்டோபரில் டெல்லி வட்டாரத்தில் சில நாட்களுக்குப் பசுமைப் பட்டாசை அனுமதித்தபோது, கியூஆர் கோடு உள்ள சரக்குதானா என்று பார்க்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஒரு பெட்டி எந்த ஆலையில் பிறந்தது, எந்த வண்டியில் ஏறியது, எத்தனை மணிக்கு எந்தச் சாவடியைக் கடந்தது என்று சொல்ல நாட்டில் ஏற்பாடு இருக்கிறது.

இப்போது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சரத்தைப் பின்னிய பெண்ணிடம் வருவோம். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையில், அர்ச்சுனா நதியில் அணை கட்டியிருக்கும் ஊர் ஆனைக்குட்டம். அந்த வட்டாரத்து ஊர்களில் காலையில் ஆலை வேன் வந்து நிற்கும். வேன் வராத தெருவுக்கு ஷேர் ஆட்டோ. அதுவும் இல்லையென்றால் சரக்கு ஏற்றும் குட்டியானை. அதில் யார் யார் ஏறினார்கள், எத்தனை பேர் ஏறினார்கள், எந்த ஆலையில் இறங்கினார்கள் என்பதற்கு, பெரும்பாலும் ஓட்டுநரின் நினைவைத் தவிர வேறு பதிவு கிடையாது.

2022 செப்டம்பரில் ஒன்றிய அரசு தேசிய சரக்குப் போக்குவரத்துக் கொள்கையை வெளியிட்டது. அன்றிலிருந்து 'ஸ்மார்ட்' என்ற சொல்லுக்குப் பஞ்சமில்லை. நம் கேள்வி ஒன்றுதான். சரக்குக்கு ஸ்மார்ட் என்றால், சரக்கைச் செய்கிறவர்களுக்கு என்ன?

இந்தக் கேள்விக்கு வயது ஐம்பது. 1976-ல் சிவகாசித் தீப்பெட்டி ஆலைக்குக் குழந்தைகளை ஏற்றிச் சென்ற பேருந்து வெள்ளத்தில் சிக்கியது. முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். சிவகாசியில் குழந்தைகள் வேலை பார்க்கிறார்கள் என்பது நாடு முழுக்கப் பேசப்பட்டதற்கு முதல் காரணம் ஆலை வெடிப்பு அல்ல, ஆலைக்குப் போன வண்டி. அந்தக் காலத்து ஆய்வுகளைப் படித்துப் பாருங்கள். அதிகாலை 3 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில் பிள்ளைகளை எழுப்பி வண்டியில் ஏற்றிவிட ஊர்தோறும் ஏஜெண்டுகள் இருந்தார்கள். பிள்ளைகளை மீட்கும் சட்டம் பிறகு வந்தது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1996-ல் எம்.சி. மேத்தா வழக்கின் தீர்ப்பு. ஆனால் அந்த வண்டி? அது ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்று அதில் அம்மாக்கள் போகிறார்கள்.

பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு வண்டி உண்டு. 2012 ஜூலையில் சென்னையில் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது. அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் வந்தன. 2022-ல் முன்னும் பின்னும் கேமரா, பின்பக்கம் சென்சார் கட்டாயம் என்று சேர்த்தார்கள். நல்லது. ஒவ்வொரு பிள்ளையின் உயிருக்கும் அப்படி ஒரு விதி வேண்டும். ஆனால் 1976-க்குப் பிறகு ஆலை வண்டிகளுக்கு இப்படி ஒரு தனி விதித்தொகுப்பு வரவில்லை. எந்தச் சாவுக்கு விதி பிறக்கிறது, எந்தச் சாவுக்கு நிவாரணக் காசோலையோடு கதை முடிகிறது என்பதை இந்த நாட்டில் சாதியும் வர்க்கமும்தான் தீர்மானிக்கின்றன.

இதில் ஒரு சட்ட ஓட்டையும் இருக்கிறது. சட்டம் படிக்கும் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2016 நவம்பரில் வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், பொதுச் சேவை வாகனங்களில் இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ் கருவியும் அவசரப் பொத்தானும் வைக்கச் சொல்கிறது. பொதுச் சேவை வாகனம் என்றால் கட்டணத்துக்கோ வாடகைக்கோ ஆள் ஏற்றும் வண்டி. முதலாளி தன் தொழிலுக்காகத் தன் சொந்த வேனில் ஆள் ஏற்றினால், அதற்குச் சட்டத்தில் வேறு பெயர்: தனியார் சேவை வாகனம். அந்த விதி அதைத் தொடவில்லை. மூன்று சக்கர வண்டிகளுக்கும் விலக்கு. ஆக, நகரத்தில் கால்டாக்சியில் போகிறவருக்கு ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. வெடிமருந்தோடு வேலை பார்க்கப் போகும் பெண்ணின் வேனுக்கோ ஆட்டோவுக்கோ அது கட்டாயமில்லை.

பதிவு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் பதில் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர், அதிகாலை 3 மணி வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது 2003-ல் விபத்தில் இறந்தார். வேலை செய்யும் இடத்தில் சாகவில்லையே என்று வாதாடினார்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தும், நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு பொருந்தி வந்தால், இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வரும் என்றது நீதிமன்றம். அந்தக் குடும்பம் 22 ஆண்டுகள் காத்திருந்தது. இஎஸ்ஐ சட்டத்தில் இந்தப் பாதுகாப்பு 2010-லேயே சேர்க்கப்பட்டுவிட்டது.

உரிமை இருக்கிறது. ஆனால் பொருந்தி வருகிறது என்று காட்ட வேண்டியது யார்? செத்தவரின் குடும்பம். 'அவர் எங்கள் ஆளே இல்லை' என்று ஆலை சொல்லிவிட்டால் எதைக் காட்டுவது? காலை 7.10-க்கு இன்ன வேனில் இன்னார் ஏறினார் என்ற ஒரு வரிப் பதிவு, அந்தக் குடும்பத்துக்குப் பல ஆண்டு வழக்கை மிச்சப்படுத்தும். தொழில்நுட்பம் நமக்கு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

வண்டியிலிருந்து இறங்கிய பிறகும் இதே கதைதான். பட்டாசு ஆலையில் ஒரு அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று வரம்பு உண்டு. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும், அறைகளை உள்குத்தகைக்கு எடுத்து ஓட்டுகிறவர் வேறொருவராக இருப்பார். 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது இந்த உள்குத்தகை வெளியே வந்தது. ரெங்கபாளையம், செங்கமலப்பட்டி, சின்னக்காமன்பட்டி என்று ஊர்ப் பெயர்தான் மாறுகிறது. ஒவ்வொரு முறையும் முதல் சில மணி நேரம் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள்? இடிபாட்டை விலக்கிக்கொண்டிருக்கும் தீயணைப்பு வீரருக்கு, தேடலை எப்போது நிறுத்தலாம் என்று தெரியாது. அந்த எண்ணிக்கையைக் காலையிலேயே வண்டி தந்திருக்க முடியும்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. சுமார் 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் வேலையாட்களே அல்ல. உதவிக்கு ஓடியவர்கள், பார்க்கப் போனவர்கள். கிட்டே வராதே என்று அவர்களிடம் சொல்ல அன்று வழியில்லை. இன்று இருக்கிறது. 2023 அக்டோபரில் தமிழ்நாடு முழுக்கக் கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறினவே, அது குறிப்பிட்ட செல்போன் கோபுரங்களின் எல்லைக்குள் இருக்கும் எல்லாருக்கும் எச்சரிக்கை அனுப்பும் முறையின் சோதனை. புயலுக்குப் பயன்படும் அதே முறை ஆலை வெடிப்புக்கும் பயன்படும்.

இதெல்லாம் பாதுகாப்புப் பிரச்சினை, இதில் சாதி எங்கே வந்தது என்று சிலர் கேட்பார்கள். இந்த மாவட்டத்தில் பேருந்துக்கும் சாதிக்கும் உள்ள உறவை 1997-ல் நாடே பார்த்தது. விருதுநகருக்கான புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். தலித் வீரனின் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். கலவரம் வெடித்தது. கடைசியில் அரசு, எல்லாப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் வைத்திருந்த தலைவர்களின் பெயர்களை மொத்தமாக எடுத்துவிட்டது. சாதிவெறியைத் தட்டிக்கேட்பதைவிடப் பெயர்ப்பலகையைக் கழற்றுவது அரசுக்கு எளிதாக இருந்தது. 2025-ல் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக அறிவித்தார்கள். வரவேற்போம். ஆனால் சொல் போனதால் தூரம் போகவில்லை. பேருந்து ஊர் நிறுத்தத்தோடு திரும்பிக்கொள்ளும் இடங்களில், சேரிக்காரர்கள் இன்னும் நடந்துதான் வருகிறார்கள். வேலைக்கு ஏற்ற நேரத்தில் பேருந்து இல்லாததால்தான் ஆலை வேனும் குட்டியானையும் நம் கதியாகின்றன.

அதனால்தான் நான் 'உடனே எல்லா வேனிலும் கருவி மாட்டு, ஆள் அதிகமென்றால் அபராதம் போடு' என்று எழுதவில்லை. அப்படிச் செய்தால் என்ன நடக்கும்? வேனில் பாதிப் பேரை இறக்கிவிடுவார்கள். இறக்கிவிடப்பட்டவருக்கு அன்றைய கூலி போச்சு. அபராதத்தையும் கூலியில்தான் பிடிப்பார்கள். மாற்று வண்டி தராமல் வரும் கண்காணிப்பு, ஏழையின் வயிற்றில்தான் விடியும்.

கண்காணிப்பின் மறுபக்கத்தை நாம் ஏற்கனவே அனுபவித்திருக்கிறோம். 100 நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் செயலி வழியாக நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்றுவதைக் கட்டாயமாக்கினார்கள். சிக்னல் இல்லாத இடத்தில் படம் ஏறவில்லை என்றால், வெட்டிய மண் கண்ணெதிரே கிடந்தும் வருகை இல்லை, கூலி இல்லை. சண்டிகரிலும் நாக்பூரிலும் துப்புரவுத் தொழிலாளர்களின் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டினார்கள். அவர்களுக்குக் கையுறை தருவதற்கு முன் கைக்கடிகாரம் வந்தது. மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனை வேவு பார்க்கும் கருவியாக இருந்தால் அதற்கு ஸ்மார்ட் என்று பெயர் வைத்தாலும் பழைய மேஸ்திரிதான்.

ஆகவே கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

முதலில் பேருந்து. 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாச் சீட்டு கிழிக்கிறார்கள். எந்த நிறுத்தத்தில், எந்த நேரத்தில், எத்தனை பெண்கள் ஏறுகிறார்கள் என்ற கணக்கு அந்தச் சீட்டுகளில் இருக்கிறது. அதை வைத்து ஆலை நேரத்துக்கு, சேரி நிறுத்தம் வரை பேருந்து விடட்டும்.

இரண்டாவது, ஆலை வண்டிகளுக்குப் பள்ளிப் பேருந்தைப் போலத் தனி விதிகள். ஜிபிஎஸ், அவசரப் பொத்தான், ஏற்றும் ஆட்களின் வரம்பு. செலவும் அபராதமும் உரிமம் வைத்திருப்பவருடையது.

மூன்றாவது, பயணப் பதிவு. முக அடையாளம் வேண்டாம், விலையுயர்ந்த போன் வேண்டாம். வண்டியில் ஏறியதும் தொழிலாளியின் சாதாரண போனுக்கு ஒரு குறுஞ்செய்தி: தேதி, நேரம், வண்டி எண், ஆலைப் பெயர். அது அவர் கையில் இருக்கும் சாட்சி. அந்தப் பதிவைக் காட்டிக் கூலியில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது என்பதையும் விதியிலேயே எழுத வேண்டும்.

நான்காவது, அறைவாரியான ஆள் எண்ணிக்கை ஆலைக்கு வெளியேயும் இருக்க வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கும் 108 கட்டுப்பாட்டு அறைக்கும் அது தெரிய வேண்டும். வெடித்த பிறகு ஆலையோடு சேர்ந்து எரிந்துபோகும் பேரேடு யாருக்கும் பயன்படாது.

சின்ன ஆலைகளுக்கு இதற்கு வசதி ஏது என்பார்கள். அதே ஆலைகளின் சரக்குக்கு இ-வே பில் போட வசதி இருக்கிறது. வரியும் விற்பனையும் என்று வரும்போது எல்லாருக்கும் கணினி தெரிகிறது.

மாணவத் தோழர்களே, உங்களுக்கு மூன்று வேலை. உங்கள் ஊர் வழியாகக் காலையிலும் மாலையிலும் போகும் வேலை வண்டிகளை ஒரு வாரம் எண்ணுங்கள். வண்டி வகை, நேரம், தோராயமான ஆட்கள் போதும். தொழிலாளிகளின் பெயரையும் முகத்தையும் பதியாதீர்கள், அது அவர்கள் வேலைக்கு உலை வைக்கும். அடுத்து, பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமை மனு. மாவட்டத்தில் எத்தனை ஆலை வண்டிகள் தனியார் சேவை வாகனமாகப் பதிவாகியுள்ளன, கடந்த ஐந்தாண்டுகளில் எத்தனை சோதிக்கப்பட்டன என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். மூன்றாவது, கிராம சபை. பேருந்து நேரத்தையும் சேரி நிறுத்தத்தையும் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். நீங்கள் எண்ணிய கணக்கு கையில் இருந்தால், 'அப்படியெல்லாம் ஒன்றுமில்லை' என்று யாரும் உங்களை உட்கார வைக்க முடியாது.

பதிவேடு எப்போதும் அவர்கள் கையில்தான் இருந்தது. நம் பெயரை எழுதவும் எழுதாமல் விடவும் அவர்களால் முடிந்தது. இந்த முறை எண்ணுவது நாமாக இருக்கட்டும்.

ஜெய் பீம்!