நான்கு சில்லுகளின் சமநிலை

கடந்த மாதம் ஒரு மாலைப்பொழுதில், எமது நீண்டகால நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கலக்கம் தெரிந்தது. அவருடைய மூத்த மகன், சேர்த்து வைத்திருந்த பணத்தில் இருவர் மட்டுமே அமரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிவிட்டான். போதாக்குறைக்கு, அதை நூர்பூர்க்றிங் பந்தயத் தடத்தில் ஓட்டப் போவதாகவும் சொல்கிறான். "நீங்கள் படிப்பிச்ச மனுசன், மாஸ்ரர். நீங்கள் சொன்னால் கேட்பான். ஒருக்கால் வந்து புத்தி சொல்லுங்கோ" என்று வேண்டிக்கொண்டார்.

அடுத்து வந்த சனிக்கிழமை சென்றோம். புத்தி சொல்லப் போன நாம் பாடம் கேட்டுத் திரும்பினோம். எம்மவர் பிள்ளைகள் பலர் மோட்டார்த் தொழில் பயின்று வருகின்றனர். இந்த ஆசை இன்னும் பல வீடுகளில் தலைகாட்டியிருக்கவும் கூடும். ஆகவே அந்தப் பாடத்தை இவ்வாரம் வாசகர் முன் வைக்கிறோம்.

முதலில் இடத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். ஐஃபல் மலைப்பகுதியில் அமைந்த நூர்பூர்க்றிங் 1927 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் வடக்குச் சுற்று மாத்திரம் 20.8 கிலோமீற்றர் நீளமானது. காட்டினூடாக ஏறியும் இறங்கியும் செல்லும் அப்பாதையின் மிக உயர்ந்த இடத்துக்கும் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் இடையே ஏறத்தாழ 300 மீற்றர் வேறுபாடு உண்டு. 1976 ஓகஸ்ட் 1 ஆம் திகதி, உலகப் புகழ் பெற்ற ஓட்டவீரர் நிக்கி லௌடா அங்கேதான் தீப்பற்றிய காருக்குள் சிக்கி, சக ஓட்டவீரர்களால் மீட்கப்பட்டார். அதன் பின்னர் போர்முலா 1 பந்தயம் அந்த வடக்குச் சுற்றுக்குத் திரும்பவேயில்லை.

ஆயினும் குறிப்பிட்ட நாள்களில், ஓட்டுநர் அனுமதிப்பத்திரமும் வீதியில் ஓடத் தகுதியான காரும் உள்ள எவரும் கட்டணம் செலுத்தி அத்தடத்தில் ஓடலாம். அந்நாள்களில் அது ஒருவழிப் பொதுவீதி. வீதிச் சட்டங்கள் அங்கும் செல்லும். நேரம் அளந்து ஓடுவது தடை செய்யப்பட்டுள்ளது. பாதையோர இரும்புத் தடுப்பை இடித்துச் சேதப்படுத்தினால் அதற்கான செலவு ஓட்டியவர் தலையில்தான் விழும். நண்பரின் அச்சம் காரணமற்றது என்று எவரும் சொல்ல முடியாது.

மகன் வேலை செய்யும் கராஜிலேயே அவனைச் சந்தித்தோம். விடுமுறை நாளில் அங்குள்ள கருவிகளைப் பயன்படுத்த முதலாளி அனுமதி கொடுத்திருந்தார். கார், மாஸ்டா நிறுவனம் 1989 இல் அறிமுகப்படுத்திய எம்.எக்ஸ்-5 வகையின் முதற் தலைமுறையைச் சேர்ந்தது. அதன் 1.6 லீற்றர் எஞ்சினுக்கு 115 குதிரைவலு. இன்றைய குடும்பக் கார்கள் பலவற்றுக்கு அதைவிட வலு அதிகம். "இதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்டோம்.

"நேர் ரோட்டிலை ஆரும் ஓடலாம் மாமா. வளைவிலைதான் காரின்ரை குணம் தெரியும்" என்றான் தம்பி.

அந்தக் குணம் எதில் தங்கியுள்ளது? ஒரு கார் நிலத்தைத் தொடுவது நான்கு ரயர்களின் வழியாக மட்டுமே. ஒவ்வொரு ரயரும் தொடும் பரப்பு ஓர் உள்ளங்கையளவுதான். நிறுத்துவதும் திருப்புவதும் அந்த நான்கு உள்ளங்கைகளின் பிடியால் நடப்பவை. பிடியின் அளவோ ஒவ்வொரு ரயரின் மீதும் எவ்வளவு நிறை அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. எனவேதான் இந்தக் காரை வடிவமைத்தவர்கள் எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்கள். பற்றறியைக் கூடப் பின்புறப் பெட்டியில் கொண்டுபோய் வைத்தார்கள். முன்னும் பின்னும் நிறை ஏறத்தாழச் சமமாக அமைய வேண்டும் என்பதே நோக்கம்.

ஓடும் காரில் நிறை ஓரிடத்தில் நிற்பதில்லை. 1000 கிலோ நிறையுள்ள கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன் பின் அச்சுகளுக்கு இடையே 2.26 மீற்றர், புவியீர்ப்பு மையம் நிலத்திலிருந்து 45 சென்ரிமீற்றர் உயரம் எனக் கொள்வோம். பிறேக்கை முழுப் பலத்துடன் அழுத்தினால் ஏறத்தாழ 200 கிலோ பின்புறத்திலிருந்து முன்புறத்துக்குத் தாவிவிடும். 500க்கு 500 ஆக இருந்தது 700க்கு 300 ஆகிவிடும். வளைவில் திரும்பும்போது இதுபோலவே உட்புறச் சில்லுகளிலிருந்து வெளிப்புறச் சில்லுகளுக்கு நிறை தாவும். நின்ற நிலையிலேயே நிறை கோணலாகப் பகிரப்பட்டிருந்தால், இத்தாவல்கள் நிகழும்போது கார் எப்பக்கம் வழுக்கும் என்று சொல்ல இயலாது.

இந்தக் காரின் முன்னைய சொந்தக்காரர், உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பிரிங்குகளைப் பூட்டி, கண்ணளவில் திருகி விட்டிருந்தார். இடப்புற வளைவுகளில் பின்பக்கம் இலேசாக வழுக்குவதை மகன் வீதியிலேயே உணர்ந்திருந்தான். அதைத் திருத்தாமல் தடத்துக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தான். இச்செய்தி தகப்பனுக்கு அன்றுவரை தெரியாது. கேட்டால்தானே தெரியும்!

நிலம் மட்டமாக உள்ளதா என்று முதலில் பார்த்தான். ரயர்களின் காற்றழுத்தத்தைச் சரி செய்தான். பின்பெட்டியைக் காலி செய்தான். பெற்றோல் அரைத் தாங்கி இருந்தது. உடல் சாய்வதைத் தடுக்கும் குறுக்குத் தண்டின் ஒரு முனையைக் கழற்றிவிட்டான். பூட்டியிருந்தால் அதன் முறுக்கு நிறைக் கணக்கைக் கெடுத்துவிடுமாம். பின்னர் சில்லுக்கு ஒன்றாக நான்கு மின்தராசுகளின் மேல் காரை ஏற்றினான்.

அடுத்ததாக ஆள் வேண்டும். ஆளில்லாக் காருக்குச் சமநிலை பார்ப்பதில் பயனில்லை. சாரதியின் நிறை ஒரு பக்கத்தில் ஏறியதும் நான்கு எண்களும் மாறிவிடும். ஆனால் திருத்துபவன் உள்ளே அமர்ந்திருக்க முடியாது. வாசலோரமாகக் கைகட்டி நின்றிருந்த தகப்பனைப் பார்த்து, "அப்பா, ஒருக்கால் உள்ளுக்கு இருங்கோ" என்றான்.

நண்பர் எம்மைப் பார்த்தார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. கார் வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகியும் அதன் கதவைத் தொட்டறியாதவர், குனிந்து உள்ளே ஏறினார். மகனின் நிறை 74 கிலோ. தகப்பனின் நிறை 69. மிகுதிக்கு ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றை மடியில் வைத்தான். அந்தப் பை வீட்டிலிருந்தே வந்திருந்தது. இது முன்கூட்டியே எண்ணிச் செய்த ஏற்பாடு என்பது எமக்குப் பின்னர்தான் விளங்கியது.

தராசுகள் காட்டியவை இவை: முன் இடம் 286 கிலோ, முன் வலம் 246, பின் இடம் 250, பின் வலம் 258. மொத்தம் 1040. இந்த எண்களை மூலைவிட்டமாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். முன் இடமும் பின் வலமும் சேர்ந்து 544. முன் வலமும் பின் இடமும் சேர்ந்து 496. வேறுபாடு 48 கிலோ. இடப்புற வளைவில் பின்பக்கம் வழுக்கியதற்கும், வலப்புற வளைவில் முன்பக்கம் திரும்ப மறுத்ததற்கும் காரணம் இதுவே. இந்தக் காரில் ஏ.பி.எஸ். வசதி இல்லை. அழுத்திப் பிறேக் பிடித்தால், நிறை குறைந்த முன் வலச் சில்லுத்தான் முதலில் சுழலாமல் இறுகி வழுக்கும்.

கலைப்பட்டதாரியாகிய எமக்கு, ஊரில் நாம் படிப்பித்த பள்ளிக்கூடத்து வாங்குகள் நினைவுக்கு வந்தன. மூன்று காலுள்ள முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. நான்கு காலுள்ள வாங்கு ஆடும். ஒரு கால் சற்று நீண்டால், பாரம் அந்தக் காலிலும் அதற்கு மூலைவிட்டமாக எதிரேயுள்ள காலிலும் போய்ச் சேர, மற்ற இரண்டும் அந்தரத்தில் நிற்கும். மாணவர்கள் கடதாசியை மடித்துக் குட்டைக் காலின் கீழ்ச் செருகுவார்கள். காரிலும் இதே கணக்குத்தான். ஒரு மூலையின் ஸ்பிரிங்கை உயர்த்தினால் அந்தச் சில்லிலும் அதன் எதிர்மூலைச் சில்லிலும் நிறை கூடும். மற்ற இரண்டிலும் குறையும். ஒரு சில்லை மட்டும் தனியே திருத்த வழியில்லை.

மகன் முன் வலத்தையும் பின் இடத்தையும் சிறிது உயர்த்தினான். மற்ற இரண்டையும் சிறிது தாழ்த்தினான். ஒவ்வொரு திருத்தத்தின் பின்னரும் வண்டியைத் தராசிலிருந்து இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, மீண்டும் ஏற்ற வேண்டும். அப்போதுதான் ஸ்பிரிங்குகள் தம் இயல்பான நிலைக்கு வரும். நாமும் தள்ளினோம். "அப்பா, அசையாமல் இருங்கோ. நீங்கள் திரும்பிப் பார்த்தால் இலக்கம் மாறுது" என்று இடையிடையே குரல் வரும். நண்பர் அரிசிப் பையை அணைத்தபடி சிலைபோல இருந்தார்.

ஐந்தாம் முறை ஏற்றியபோது எண்கள் 274, 258, 262, 246 என வந்தன. இரு மூலைவிட்டங்களும் சரியாக 520 கிலோ. உள்ளேயிருந்து எண்களைக் கேட்டுக்கொண்டிருந்த நண்பர், மனக்கணக்கில் வல்லவர், "அப்ப இடப்பக்கம் 536, வலப்பக்கம் 504. இன்னும் 32 கிலோ பிழையெல்லோ?" என்றார்.

"அது பிழையில்லை அப்பா. நீங்கள் இருக்கிற பக்கம் பாரம் கூடத்தான் செய்யும். ஸ்பிரிங்கைத் திருகி அதை மாத்தேலாது. சாமானை இடம் மாத்தினால்தான் மாறும்."

சரிபார்த்தோம். திருத்துமுன் இருந்த இடப்பக்கக் கூட்டுத்தொகையும் 536தான். முன்பக்கத்தின் 532உம் அப்படியே இருந்தது. திருகுவதால் மாறுவது மூலைவிட்டப் பங்கீடு மாத்திரமே.

அடுத்தது சில்லுகளின் கோணம். ஜேர்மன் மொழியில் ஸ்ருர்ட்ஸ் எனவும் ஆங்கிலத்தில் கம்பர் எனவும் சொல்வார்களாம். கம்பர் என்றதும் எமக்கு வேறு நினைவு வந்து சிரித்துவிட்டோம். இங்கே அது சில்லின் சாய்வைக் குறிக்கும். கார் வளையும்போது உடல் வெளிப்புறம் சாய, வெளிப்புற ரயர் தன் ஓரத்தில் நிற்கத் தலைப்படும். அதை எதிர்நோக்கிச் சில்லின் மேற்பகுதியை முன்கூட்டியே உட்புறம் சாய்த்து வைக்கிறார்கள். மகன் முன்னே 2 பாகையும் பின்னே 1.8 பாகையும் வைத்தான். இதற்கு ஒரு விலையும் உண்டு: வழமையான வீதியில் ரயரின் உள்ளோரம் விரைவில் தேயும்.

பின்னர், காரின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நூல் கட்டி, சில்லின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை அளந்தான். முன் சில்லுகள் நேராக நிற்க, பின் சில்லுகளின் முன்விளிம்பு ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றர் உட்புறம் நோக்கின. பின் சில்லுகள் வெளிப்புறம் நோக்கினால், பிறேக் பிடிக்கும்போது வால் நிலைகொள்ளாது. வரிசையும் முக்கியம்: முதலில் உயரம், அடுத்து நிறை, அதன் பின்பே கோணங்கள். உயரம் மாறினால் கோணங்களும் மாறிவிடும். எல்லாம் முடிந்தபின் நிறையை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். இவை அனைத்துக்கும் நண்பர் உள்ளேதான் இருந்தார். மூன்று மணி நேரமாயிற்று.

கோணங்கள் சரிதானா என்பதைத் தடமே சொல்லும். சில சுற்றுகள் ஓடிவந்ததும் ரயரின் உள்ளோரம், நடு, வெளியோரம் ஆகிய மூன்று இடங்களிலும் வெப்பத்தை அளப்பார்கள். வெளியோரம் மிகவும் சுட்டால் சாய்வு போதாது. உள்ளோரம் அளவுக்கு மீறிச் சுட்டால் சாய்வு அதிகம். நடு மட்டும் சுட்டால் காற்று அதிகம்.

பெற்றோர் அறிய வேண்டியவை சில உள. ஸ்பிரிங்குகளை மாற்றினால் ஜேர்மனியில் அது அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும்; பரிசோதகரிடம் காட்டிப் பதிய வேண்டியதைப் பதிய வேண்டும். தவறினால் வாகனம் வீதியில் ஓடும் உரிமையையே இழக்கக்கூடும். காப்புறுதி ஒப்பந்தத்தை வரிவரியாக வாசிக்க வேண்டும். பந்தயத் தடத்தில் நேரும் சேதத்தைப் பல ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை. தடத்துக்குப் புதியவர் பயிற்றுநரோடு ஓடிப் பழகிய பின்னரே தனியே ஓட வேண்டும். இம்மூன்றையும் நாம் நிபந்தனையாக வைத்தோம். முதல் இரண்டையும் அவன் ஏற்கெனவே செய்து முடித்திருந்தான். பத்திரங்களைக் கொண்டுவந்து காட்டினான். மூன்றாவதற்கு உடன்பட்டான்.

நண்பர் காரைவிட்டு இறங்கியபோது கால்கள் மரத்துப் போயிருந்தன. மகன் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். திரும்பும் வழியில் நெடுநேரம் பேசாதிருந்த நண்பர், "அந்த வெப்பம் அளக்கிறதுக்கு இன்னொரு ஆள் வேணுமெல்லோ, மாஸ்ரர்?" என்று கேட்டார். வேண்டும் என்றோம். வரும் ஞாயிற்றுக்கிழமை பயிற்சி நாள். எண்களைக் குறித்துக்கொள்ளக் கொப்பி ஒன்று வாங்கிவிட்டதாக நேற்றுத் தொலைபேசியில் சொன்னார்.

பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வது எம் கடமை. ஆனால், சொல்லுமுன் அவர்கள் பக்கத்தில் சற்று நேரம் அமர்ந்து பார்ப்பதும் கடமையே. வெளியே நின்று நாம் போட்ட கணக்கு, உள்ளே ஏறி அமர்ந்ததும் மாறிவிடுவதை அன்று நான்கு தராசுகளிலும் கண்டோம்.