நமதல்லாத அபராதம் நம் பெயரில் வரும்போது

2025 ஜனவரி 6ஆம் நாள், மும்பை கொலாபாவில் தாஜ் மகால் விடுதியின் அருகே ஒரே பதிவெண் தாங்கிய இரண்டு கார்கள் நின்றிருந்தன. அவற்றுள் ஒன்றின் உரிமையாளருக்கு, தாம் செல்லாத இடங்களில் விதிமீறியதாக இ-சலான்கள் வந்தவண்ணம் இருந்தன. தம் வண்டியின் எண்ணையே தாங்கிய மற்றொரு வண்டியைக் கண்ணெதிரே கண்டதும் அவர் காவல்துறையை நாடினார். மற்றவர் தம் பதிவெண்ணின் கடைசி இலக்கமான 3ஐ 8ஆக மாற்றியிருந்தார். வாகனக் கடனின் தவணைகளைச் செலுத்த இயலாமல், நிதி நிறுவனத்தின் பார்வையிலிருந்து தப்பவே அவ்வாறு செய்தார் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. ஒருவர் தம் கடனிலிருந்து ஒளிந்துகொண்டார். அதன் சுமை ஏதுமறியாத இன்னொருவர் தலையில் விழுந்தது.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2021 ஜனவரியில், மாட்டுங்கா காவல் நிலையத்தில் இதே வகையான ஒரு வழக்குப் பதிவாயிற்று. அங்கே தவறான இ-சலான்களைப் பெற்றவர் தொழிலதிபர் ரத்தன் டாட்டா. எண்கணித நம்பிக்கையால் வேறொரு காரின் எண் தகடு மாற்றப்பட்டிருந்தது. அந்த எண் அவருடைய காரின் எண்ணாக அமைந்துவிட்டது. கண்காணிப்புக் கேமராப் பதிவுகளைக் காவல்துறை ஆராய்ந்தபின், அபராதங்கள் உரியவர் பெயருக்கு மாற்றப்பட்டன.

வாடகைக் கார் ஓட்டுபவருக்கும் பெருந்தொழிலதிபருக்கும் நேர்ந்தது ஒன்றே. ஆயினும் தொழிலதிபருக்குப் பதில் எழுத ஓர் அலுவலகம் இருந்தது. தாராவியின் 90 அடிச் சாலையில் டெம்போ வைத்துத் தோல் பைகளை ஏற்றிச் செல்பவருக்கும், செம்பூரில் ஸ்கூட்டரில் இட்லி மாவு விநியோகிப்பவருக்கும் அத்தகைய அலுவலகம் இல்லை. அவர்களுக்கு இருப்பது ஒரு கைப்பேசியும், அதில் ஆங்கிலத்திலோ மராத்தியிலோ வந்து நிற்கும் ஒரு குறுஞ்செய்தியும் மட்டுமே. ‘அபராதம் நிலுவை’, ‘நீதிமன்ற நடவடிக்கை’ என்னும் சொற்களைப் பிள்ளைகள் வாசித்துச் சொன்னதும் வீட்டில் அச்சம் புகுந்துவிடுகிறது. அச்சம் கொண்டவர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்: உடனே பணத்தைக் கட்டிவிடுகிறார், அல்லது செய்தியைப் பாராமுகமாக விட்டுவிடுகிறார். இவ்விரண்டும் தவறான வழிகள் என்பதே நம் கருத்து. நமதல்லாத அபராதத்தை எழுத்து மூலமாகவும், உரிய இடத்திலும், உரிய காலத்திலும் மறுத்துரைப்பதே சரியான வழி.

‘ஐந்நூறு ரூபாய்தானே, கட்டித் தொலைப்போம், அலைந்தால் ஒரு நாள் கூலி போய்விடும்’ என்று எண்ணுவோர் பலர். இதில் நியாயம் இல்லாமலில்லை. தையல் பட்டறையில் ஒரு நாள் வேலை நின்றால் என்னாகும் என்பதை நாம் அறிவோம். எனினும் கணக்கு அத்துடன் முடிவதில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆம் பிரிவு, முதல் மீறலுக்கு 500 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த மீறல்களுக்கு 1,500 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க இடமளிக்கிறது. செய்யாத முதல் குற்றத்தை நாம் ஏற்றுக்கொண்டால், அடுத்தது இரண்டாவது குற்றமாக எண்ணப்படலாம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு: நம் எண்ணைத் தாங்கிய போலி வண்டி தெருவில் ஓடிக்கொண்டே இருக்கும். இன்று அது ‘நோ பார்க்கிங்’ பலகையின்கீழ் நிற்கிறது. நாளை அது ஒரு விபத்தை ஏற்படுத்தினால் காவல்துறை முதலில் தேடி வருவது நம் வீட்டையே.

மறுத்துரைக்குமுன் வந்த செய்தி உண்மையானதுதானா என்பதை அறிந்துகொள்ள வேண்டும். இ-சலான் என்ற பெயரில் போலிச் செய்திகள் வாட்ஸ்ஆப்பில் பரவி வருகின்றன. அவற்றுடன் ‘ஏபிகே’ என முடியும் ஒரு கோப்பு இணைக்கப்பட்டிருக்கும். அதைத் தரவிறக்கி நிறுவினால், நம் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்கள் மோசடிக்காரர் கைக்குப் போய்விடும். எனவே செய்தியில் உள்ள இணைப்பைத் தொட வேண்டாம். மகாராஷ்டிரப் போக்குவரத்துக் காவல்துறையின் இ-சலான் தளத்தையோ, மத்திய அரசின் ‘பரிவாஹன்’ தளத்தையோ நாமே தட்டச்சு செய்து திறக்க வேண்டும். முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே நம் வண்டி எண்ணின் பேரில் நிலுவை ஏதும் காட்டப்படவில்லை என்றால், வந்த செய்தியை ஐயத்துக்குரியதாகவே கொள்ள வேண்டும். அரசுக்குச் சேர வேண்டிய அபராதத்தைத் தனிநபர் ஒருவரின் யு.பி.ஐ. எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அது மோசடியே; அதில் இரண்டாம் எண்ணத்துக்கு இடமில்லை.

ஏமாந்து பணம் போய்விட்டது என்றால், வெட்கப்பட்டு மறைப்பதால் பயனில்லை. 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணையும், நம் வங்கிக் கிளையையும் அந்த நிமிடமே அழைக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6ஆம் நாளிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளர் வங்கிக்குத் தெரிவித்த நேரத்தை ஒட்டியே பொறுப்பைப் பகிர்ந்தது. வாடிக்கையாளர் தம் ரகசியத் தகவலைப் பகிர்ந்த கவனக்குறைவால் இழப்பு நேர்ந்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்தபின் நிகழும் இழப்பு வங்கியைச் சார்ந்தது. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் பணம்தான்.

செய்தி உண்மை, அபராதம் மட்டும் நமதன்று என்றால் என்ன செய்வது? முதலில் புகைப்படத்தைப் பார்க்க வேண்டும். கேமரா வழியாகப் பதிவாகும் குற்றங்களுக்காக 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்னும் விதி சேர்க்கப்பட்டது. குற்றம் நிகழ்ந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும் என்றும், எண் தகடு தெளிவாகத் தெரியும் படச்சான்று, நாள், நேரம், இடம் ஆகியன அதில் இருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. படத்தில் உள்ள வண்டியின் நிறம், வகை, கண்ணாடியில் ஒட்டிய படம், உடலில் உள்ள கீறல் என ஒவ்வொன்றையும் நம் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 3ஐ 8 என்று வாசித்த பிழையாகவும் இருக்கலாம்.

அடுத்து, அந்த நேரத்தில் நம் வண்டி எங்கே இருந்தது என்பதற்கான சான்று வேண்டும். இங்கே வங்கிக் கணக்கே சாட்சியாக வந்து நிற்கும். ஃபாஸ்டாக் கணக்குப் பட்டியலில் சுங்கச்சாவடியின் பெயரும் கடந்த நேரமும் பதிவாகியிருக்கும். பெட்ரோல் பங்கில் செலுத்திய யு.பி.ஐ. தொகைக்கு நாளும் நேரமும் உண்டு. இவற்றுடன் ஆர்.சி. புத்தகத்தின் நகலையும் வண்டியின் முன்புற, பின்புறப் படங்களையும் இணைத்து, இ-சலான் தளத்தின் புகார்ப் பகுதியில் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். போலி எண் தகடு என்ற ஐயம் இருந்தால், காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் அளித்து, அதன் நகலில் முத்திரை பெறுவது இன்றியமையாதது. வாய்மொழியாகச் சொன்னது காற்றோடு போகும். முத்திரையிட்ட தாள் நம் பக்கம் நிற்கும்.

தாராவி போன்ற இடங்களில் வேறொரு காரணமும் அடிக்கடி காணப்படுகிறது. பழைய ஸ்கூட்டரை ஊர்க்காரர் ஒருவருக்குப் பேச்சுறுதியின் பேரில் விற்றிருப்போம். பணமும் சாவியும் கைமாறியிருக்கும். பெயர் மட்டும் மாறியிருக்காது. அவர் கும்பார்வாடா அருகே தவறாக நிறுத்தினாலும் அபராதம் நம் பெயருக்கே வரும். சட்டத்தின் 50ஆம் பிரிவு, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றம், நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் எனத் தீர்ப்பளித்தது. அது விபத்து இழப்பீடு பற்றிய வழக்கு. ஐந்நூறு ரூபாய் அபராதத்தோடு ஒப்பிட முடியாத சுமை அது என்பதை நினைவில் கொள்வோம்.

கடனில் வாங்கிய வண்டியாயின் இன்னொரு படியும் உண்டு. கடைசித் தவணை முடிந்ததும் வங்கியிடமிருந்து தடையின்மைச் சான்று பெற்று, ஆர்.சி.யிலுள்ள கடன் குறிப்பை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நீக்கிக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் பெட்டிக்குள் வைத்த சான்று, விற்கும் நாளில் பெயர் மாற்றத்துக்குத் தடையாகிவிடும்.

மிரட்டல் செய்திகளில் மிகுதியாக வரும் இன்னொரு சொல் ‘சிபில்’. அபராதம் கட்டாவிட்டால் கடன் மதிப்பெண் சரிந்துவிடும் என்பார்கள். கடன் தகவல் நிறுவனங்கள் தகவல் திரட்டுவது வங்கிகள், நிதி நிறுவனங்கள் போன்ற கடன் வழங்குவோரிடமிருந்து. போக்குவரத்து அபராதம் யாரும் நமக்குக் கொடுத்த கடனன்று. ஐயமிருப்பின், ஆண்டுக்கு ஒரு முறை கட்டணமின்றிக் கிடைக்கும் முழு அறிக்கையைப் பெற்றுப் பார்க்கலாம். அதில் நாம் வாங்காத கடன் ஏதேனும் இருந்தால் உடனே புகார் செய்ய வேண்டும். 30 நாட்களுக்குள் அது தீர்க்கப்படாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது.

கடல் கடந்து வாழும் நம் உறவினர்களுக்கும் இத்தொல்லை உண்டு. பிரிட்டனில் தனியார் வாகன நிறுத்தகங்கள், அரசின் வாகனப் பதிவு அமைப்பிடம் 2.50 பவுண்டு செலுத்தி உரிமையாளரின் முகவரியைப் பெறுகின்றன. கட்டணம் வராவிட்டால் கடன் வசூல் நிறுவனங்களின் கடிதங்கள் தொடரும். அவை எத்துணைக் கடுமையாக இருப்பினும் நீதிமன்றத் தீர்ப்பாகா. ஆனால் நீதிமன்றத்திலிருந்தே கடிதம் வந்தால் அதற்குக் குறித்த நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். தந்தால்தான் நம் தரப்பு கேட்கப்படும். இங்கும் அதே பாகுபாடு பொருந்தும். லோக் அதாலத் அறிவிப்பு வந்தால் கலங்க வேண்டியதில்லை. அங்கே இரு தரப்பும் இசைந்தால்தான் சமரசம். சென்று, ‘இது என் வண்டியன்று’ என்று சான்றுகளுடன் சொல்லலாம். நீதிமன்ற அழைப்பாணையை மட்டும் ஒருபோதும் புறக்கணிக்கலாகாது.

வாடிக்கையாளருக்கு அறிவுரை கூறுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. பணம் செலுத்துவதற்கான இணைப்பு செய்தியின் முதல் வரியிலேயே இருக்கிறது. மறுப்பதற்கான வழியோ தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாக இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே அளவு எழுத்தில், மக்கள் வாசிக்கும் மொழியில் இருப்பதே நீதி. பிழையான பெயரில் அபராதம் விதித்தவர் மெய்ப்பிக்க வேண்டியதை, பெற்றவர் தம் கூலியை இழந்து மெய்ப்பிக்கும் நிலை மாற வேண்டும்.

இக்கோரிக்கையை அரசிடம் வைக்கும் வங்கித்துறை, தன்னையும் அதே தராசில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கடன் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கலாகாது, மிரட்டலாகாது, கடன் பெற்றவரின் குடும்பத்தாரையும் நண்பர்களையும் இழிவுபடுத்தலாகாது என 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வலியுறுத்தியது. யாரோ ஒருவரின் கடனுக்காக வங்கி முகவர் உங்களை அழைத்தால், அழைத்த எண்ணையும் நேரத்தையும் குறித்து வங்கிக்கு எழுதுங்கள். 30 நாட்களுக்குள் நிறைவான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடலாம். 14448 என்பது அதற்கான உதவி எண். அத்தகைய புகாரை எந்த வங்கியும் அவமதிப்பாகக் கருதலாகாது; தன் பதிவேட்டைத் திருத்திக்கொள்ளக் கிடைத்த உதவியாகவே கொள்ள வேண்டும்.

கடன்பட்டால் தீர்ப்பது நம் மரபு. தாராவியில் சீட்டுப் பிடித்தும் நகையை அடகு வைத்தும் சொன்ன நாளில் கடனைத் திருப்பிய குடும்பங்களை நாம் அறிவோம். தீர்க்க வேண்டியதைத் தீர்க்கும் அந்த நேர்மையே, தமக்குரியதல்லாததை மறுக்கும் உரிமையையும் அவர்களுக்குத் தருகிறது. ஆங்கிலச் செய்தியை வாசிக்கத் தெரிந்த அண்டை வீட்டு இளைஞர் ஒருவர், மாலையில் அரை மணி நேரம் பெரியவர் ஒருவருடன் அமர்ந்து, புகாரை எழுதிக் கொடுத்து, அதன் எண்ணைக் குறித்துத் தந்தாலே அந்த வீட்டின் அச்சம் அன்றே பாதி விலகிவிடும்.