பெயரும் ஊரும்

‘பேரன்’ என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். அதன் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. பெயரன் என்பதே பேரன் என மருவியது. பெயர்த்தி என்பதே பேத்தி ஆயிற்று. பாட்டனின் பெயரைத் தாங்குவோன் பெயரன். உடல் மறைந்தாலும் பெயர் மறையலாகாது என்று நம் முன்னோர் கருதினர். அக்கருத்தை அவர்கள் ஏட்டில் எழுதவில்லை. பிறந்த குழந்தையின்மேல் எழுதி வைத்தனர்.

ஆயினும், பாட்டனின் பாட்டன் பெயரைச் சொல்ல வல்லார் இன்று நம்முள் எத்தனை பேர்? கொங்கு நாட்டார் தந்தையின் தந்தையை அப்பாரு என்றும், தாயின் தந்தையை அப்பிச்சி என்றும் அன்புடன் அழைப்பர். அப்பாருவின் பெயரை எல்லோரும் அறிவர். அந்த அப்பாருவுக்கும் ஓர் அப்பாரு இருந்திருப்பாரே, அவர் பெயர் யாது? எவ்வூரிலிருந்து இவ்வூருக்கு வந்தார்? ஏன் வந்தார்? இவ்வினாக்களுக்கு விடை கூற நம் நா எழுவதில்லை.

இவற்றை அறிந்து ஆவதென்ன என்று சிலர் வினவலாம். ‘நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கலாகாது’ என்னும் பழமொழியையும் துணைக்கு அழைக்கலாம். பிறப்பைத் துருவி ஒருவரை இகழாதே என்பதே அப்பழமொழியின் கருத்து. அறிவைத் தேடாதே என்பது அதன் கருத்தன்று. திருப்பூரின் ஊடே ஓடும் நொய்யலாறு வெள்ளியங்கிரி மலையிற் பிறக்கின்றது. அம்மலையில் பெருமழை பெய்தால் இங்கே வெள்ளம் வரும். மழை பொய்த்தால் மணல் தெரியும். மூலத்தை அறியாதவன் ஆற்றின் போக்கை அறியான். குடும்பத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

முன்னோரைத் தேடுதலின் அருமையை நன்கு உணர்ந்தவர்கள் கடல் கடந்து வாழும் தமிழர்கள். பிரித்தானியர் தம் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் 1834ஆம் ஆண்டில் அடிமை முறையை ஒழித்தனர். கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஆட்கள் வேண்டியிருந்தது. அதற்கென ஒப்பந்தக் கூலி முறை வகுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே மொரிசியஸ் தீவுக்கு இந்தியர்கள் அம்முறையிற் செல்லத் தொடங்கினர். 1860ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதுமுதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் அந்நாட்டின் நேட்டால் பகுதிக்குச் சென்றனர். அவர்களுட் பெரும்பாலோர் சென்னையிற் கப்பலேறியவர்கள். 1903 முதல் பிஜித் தீவுக்கும் சென்னையிலிருந்து கப்பல்கள் சென்றன. இவ்வாறு சென்றோருள் கோயம்புத்தூர் மாவட்டத்தாரும் இருந்தனர். பஞ்சமும் கடனும் மக்களை ஊரைவிட்டு விரட்டிய காலம் அது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் கொங்கு நாட்டையும் விட்டுவைக்கவில்லை.

கப்பலேறிய ஒவ்வொருவரையும் பற்றி அரசு ஏடு எழுதி வைத்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, உயரம், பிறந்த ஊர், வட்டம், மாவட்டம், உடலிலுள்ள தழும்பு முதலியன அவ்வெண்ணுக்கு எதிரே குறிக்கப்பட்டன. மொரிசியஸில் நிழற்படமும் எடுத்து வைத்தனர். இவை அன்பினால் எழுதப்பட்டவை அல்ல. கூலியாளை அடையாளம் காணவும், ஓடிப்போனவனைப் பிடிக்கவும் எழுதப்பட்டவை. எனினும், காலம் விந்தையானது. அடிமைச் சீட்டைப் போன்ற அந்த ஏடே இன்று கொள்ளுப்பேரனுக்குக் குலவரலாறாக விளங்குகின்றது. மொரிசியஸில் மோக்கா என்னுமிடத்திலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அவ்வேடுகள் பாதுகாக்கப்படுகின்றன. முன்னோர் பெயரைத் தேடி வருவோர் அங்கே கண்ணீர் மல்க நிற்பதில் வியப்பில்லை. மொரிசியஸ் நாட்டு இந்திய வழியினருக்கு ஏழாம் தலைமுறை வரையில் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை வழங்கப்படும் என்று 2024ஆம் ஆண்டில் இந்திய அரசு அறிவித்தது. அந்த உரிமைக்கும் பழைய ஏடுகளே சான்றாகும்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். நிலமுடையோருக்குச் செப்புப் பட்டயம் இருந்தது, பட்டா இருந்தது, கோயிலில் முதல் மரியாதை இருந்தது. நிலமற்ற உழைப்பாளியின் பெயரை நம் ஊரில் எழுதி வைத்தவர் யார்? அவனை வேலைக்குப் பிணித்தவர்களே எழுதி வைத்தனர். நம் குலமுறைகள் தந்தை வழியே செல்வன. தாய்மார் பெயர்களை அவை விடுத்தன. கப்பல் ஏடோ பெண்ணுக்கும் தனி எண் தந்தது. கைக்குழந்தைக்கும் தனி எண் தந்தது. கூலிக் கணக்கில் இடம்பெற்ற பெண்ணின் பெயர் குலவரலாற்றில் இடம்பெறவில்லை. இது நாம் நாண வேண்டிய செய்தி அன்றோ?

ஏடு கிடைத்துவிட்டால் தேடல் முடிந்துவிடாது. தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தர் தம் செவிக்கு எட்டியவாறு எழுதினர். முனுசாமி ‘மூன்சாமி’ ஆனார். தென்னாப்பிரிக்காவில் வழங்கும் ‘கோவெந்தர்’ என்னும் குடும்பப் பெயர் கவுண்டர் என்பதன் திரிபு என்பர். அப்பெயரைக் கண்டவுடன், அக்குடும்பம் கொங்கு நாட்டது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. கவுண்டர் என்னும் பட்டம் தமிழகத்தின் வட மாவட்டங்களிலும் வழங்குகின்றது. ஊர்ப் பெயரும் மயக்கம் தரும். புதுப்பாளையம் என்னும் பெயருடைய ஊர்கள் கொங்கு நாட்டிற் பல உள்ளன.

மாவட்ட எல்லைகளும் மாறிவிட்டன. பழைய ஏட்டில் ‘கோயம்புத்தூர் ஜில்லா, பல்லடம் தாலுக்கா’ என்றிருப்பின், அவ்வூர் இன்று திருப்பூர் மாவட்டத்தில் இருக்கலாம். திருப்பூர் மாவட்டம் 2009இல் தோன்றியது. தாராபுரம் முதலிற் கோயம்புத்தூர் மாவட்டத்திலும், 1979 முதல் ஈரோடு மாவட்டத்திலும் இருந்து, பின்னர்த் திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. கருவூர் 1910இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது. கொள்ளேகாலம் 1956இல் மைசூர் மாநிலத்தைச் சேர்ந்தது. ஊர்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அவற்றின் முகவரிகளே நடந்தன. இதனை அறியாதவர் பாட்டனின் ஊரை அடுத்த மாவட்டத்திற் தேடிக் களைத்துப் போவர்.

இவ்விடத்தில் உள்ளூர் அறிவே கைகொடுக்கும். குலதெய்வத்தின் பெயரை ஒரு குடும்பம் மறவாதிருந்தால், அத்தெய்வத்தின் கோயில் எங்குள்ளது என்று ஊர் முதியோர் சொல்லிவிடுவர். கொங்கு வேளாளர்க்குக் கூட்டப் பெயர் உண்டு. கூட்டத்துக்குக் காணியூர் உண்டு. நெசவாளர் குடிகளுக்கும் இத்தகைய வழிமரபுகள் உண்டு. நிலக் கணக்குகள் உண்டு; பிறப்பு இறப்புப் பதிவேடுகள் உண்டு; சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் உண்டு. முன்பு ஊர்க்கணக்கைப் பரம்பரையாக எழுதி வந்த கர்ணங்கள் பதவி 1980இல் ஒழிந்தது. அவர்கள் மனத்திலிருந்த ஊர்வரலாற்றிற் பெரும்பகுதி எழுதப்படாமலே போயிற்று. முதியவர் ஒருவர் மறையும்போது நம் ஊரின் ஏடு ஒன்று எரிகின்றது என்பதை நாம் உணர வேண்டும்.

ஏடுகளைக் காத்தலின் அருமையைச் ஜெர்மானிய நாட்டு வரலாறும் விளக்கும். 19ஆம் நூற்றாண்டு முதலாக ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட ஜெர்மானியர் அமெரிக்காவிற் குடியேறினர். அங்கே முல்லர் ‘மில்லர்’ ஆனார். ஷ்மித் ‘ஸ்மித்’ ஆனார். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று மூதாதையரின் சிற்றூரைத் தேடுகின்றனர். ஊரின் பெயர் தெரிந்துவிட்டால், அவ்வூர்த் தேவாலயத்தின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகள் வழிகாட்டும். ஊரின் பெயரை அறிவது எவ்வாறு? ஹாம்பர்க் துறைமுகத்திற் கப்பலேறியோரின் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை பேணப்பட்டுள்ளன. அவ்வழியே சென்றவரின் பேரர் வாய்ப்புடையவர். பிரேமன் துறைமுகத்துப் பழம் பட்டியல்களோ, வைக்க இடமில்லை என்று அழிக்கப்பட்டன; எஞ்சியவற்றிற் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. ஓர் அலுவலகத்தின் இடநெருக்கடி எத்தனையோ குடும்பங்களின் வேரை அறுத்துவிட்டது.

முன்னோரைத் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். சிலர் பாட்டனைத் தேடுவதில்லை, அரசனைத் தேடுகின்றனர். தம் குலமே உயர்ந்தது என்று காட்டும் பட்டயத்தைத் தேடுகின்றனர். அவர்கள் சிறிது கணக்குப் போட்டுப் பார்த்தல் நன்று. நமக்குத் தாய் தந்தையர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். அவர்க்கு முன்னோர் எண்மர். இவ்வாறு இரட்டித்துச் சென்றால் பத்தாம் தலைமுறையில் 1,024 பேர் நிற்பர். அவர்களுள் ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு பெருமை பேசுவது, ஏனைய 1,023 பேரையும் மறந்து விடுவதாகும். அத்தனை பேருள் ஏழையும் இருந்திருப்பர். ஊர்விட்டு ஊர் வந்தவரும் இருந்திருப்பர். உண்மையாகத் தேடுவோன் செருக்கு அடைய மாட்டான், அடக்கம் அடைவான்.

வந்தவர் யார், இருந்தவர் யார் என்னும் வினாவை நொய்யற் கரையிலே கேட்டுப் பாருங்கள். சென்னிமலைக்கு அணித்தாக, நொய்யற் கரையில் கொடுமணல் என்னும் ஊர் உள்ளது. பதிற்றுப்பத்து கூறும் கொடுமணம் இதுவே என்பர். அங்கே நிகழ்ந்த அகழாய்வில் மணிகள் செய்த பட்டறைகளும், தமிழ்ப் பிராமி எழுத்துடைய பானை ஓடுகளும் கிடைத்தன. அவ்வோடுகளில் தமிழ்ப் பெயர்களோடு வடபுலத்துப் பெயர்களும் காணப்படுகின்றன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தொழிலும் வாணிகமும் தொலைநாட்டாரை இவ்வாற்றங்கரைக்கு அழைத்து வந்தன. பின்னாளிற் கன்னடமும் தெலுங்கும் பேசும் நெசவாளர் வந்தனர். கொடி காத்த குமரனைத் திருப்பூர்க் குமரன் என்கின்றோம். அவர் 1904இற் பிறந்தது சென்னிமலையில். பிழைப்பின் பொருட்டே திருப்பூருக்கு வந்தார். தம் பெயரால் இவ்வூருக்குப் புகழ் தந்தவரும் வந்தவரே!

இன்று பனியன் தொழில் திருப்பூரை வளர்க்கின்றது. தென் மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்தும் உழைப்பாளிகள் வந்து, துணி வெட்டுகின்றனர், தைக்கின்றனர், பிசிறு நீக்குகின்றனர். அவர்களை நாம் எப்பெயரால் அழைக்கின்றோம்? நாவில் நுழையவில்லை என்று பெயரைச் சுருக்குகின்றோம். சில வேளைகளில் மொழியின் பெயரையே அவர்களின் பெயராக்கி விடுகின்றோம். முனுசாமியை மூன்சாமி ஆக்கிய எழுத்தரைக் குறை கூறும் நாமே அத்தவற்றைச் செய்யலாமா?

பெயரை எழுதாமை சிறு பிழையன்று. இலங்கையில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தையேனும், அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. தேயிலைத் தோட்டத் தமிழரிடம் அத்தகைய பதிவுகள் இல்லை. தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் உழைத்தவர்கள், இலட்சக்கணக்கில், நாடற்றவர் ஆயினர். 1964ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என முடிவாயிற்று. எஞ்சியோரின் குறை முற்றும் நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. நம் நாட்டிலும், 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது ஊர் திரும்பிய தொழிலாளருள் வழியில் இறந்தோர் எத்தனை பேர் என்ற கணக்குத் தன்னிடம் இல்லை என்று நடுவணரசு நாடாளுமன்றத்திற் கூறிற்று. வெளிமாநிலத் தொழிலாளருக்குப் பெயரும் படமும் உள்ள கையேடு தர வேண்டும் என்று 1979ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிய நாடு இது. சட்டம் இருந்தது, பெயரை எழுதும் கை ஓய்ந்திருந்தது.

மாணவர்களே! நீங்கள் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. ஒரு குறிப்பேடு எடுங்கள். பெயர், பிறந்த ஊர், செய்த தொழில், இவ்வூருக்கு வந்த ஆண்டு என நான்கு கட்டங்கள் வரையுங்கள். வீட்டிலுள்ள முதியோரிடம் சென்று கேளுங்கள். ஆண்களின் பெயரோடு பெண்களின் பெயரையும் தவறாது எழுதுங்கள். கேட்டதைக் கேட்டவாறே எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டா. தெரியாத இடத்தை வெற்றிடமாகவே விடுங்கள். பொய்யான ஒரு பெயரைவிட மெய்யான வெற்றிடம் மேலானது. பின்னர் உங்கள் வகுப்பில், அருகில் அமர்ந்திருக்கும் ஒடிசா நாட்டு நண்பனிடமும் அந்நான்கு செய்திகளைக் கேளுங்கள். அவன் பெயரை அவன் சொல்லும் ஒலியிலேயே சொல்லிப் பழகி, பிழையின்றி எழுதுங்கள்.

நூறு ஆண்டுகள் கழித்து அவனுடைய பேரனோ பேத்தியோ தம் குடும்பத்தின் வேரைத் தேடி நொய்யற் கரைக்கு வரக்கூடும். அன்று அவர்களுக்கு ஒரு பெயரும் ஓர் ஊரும் கிடைக்க வேண்டும். அவற்றைத் தருவது அன்பினால் எழுதப்பட்ட ஏடாக இருக்கட்டும்.