மெலிந்ததா, வலுவானதா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, மகளுக்கு ஸ்ரீ இஸ்கண்டாரில் இயந்திரப் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. மடிக்கணினி வாங்க ஈப்போவுக்குப் போனோம். பொம்பளப் பிள்ளை தூக்கிக்கொண்டு நடக்கணும், மெலிசானதே போதும் என்கிறார் கடைக்காரர். பக்கத்து வீட்டுப் பையனோ கேமிங் கணினிதான் வாங்கணும் என்கிறான். கையில் 4,000 வெள்ளி இருக்கிறது. இன்னொரு தடவை வாங்க வசதியில்லை. எதை எடுப்பது?”

தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பலவற்றில், பல்கலைக்கழகம் போகும் முதல் பிள்ளைக்கு வாங்கும் மடிக்கணினி நான்கு ஆண்டுகள் ஓடியாக வேண்டும்.

என் பெற்றோர் வேலை செய்த ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் கத்தியும் இருந்தது, பாராங்கும் இருந்தது. எது சிறந்தது என்று யாரும் கேட்டதில்லை. மரத்துக்கு எது, புதருக்கு எது என்பதுதான் கேள்வி. மடிக்கணினிக்கும் அதே கேள்விதான்.

இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு வெப்பம். கடினமான வேலை செய்யும்போது சில்லு சூடாகும். தடித்த கணினியில் பெரிய விசிறிகள் அந்தச் சூட்டை வெளியே தள்ளும். மெலிந்த கணினியில் அதற்கு இடம் குறைவு. 2020 இறுதியிலிருந்து வரும் மேக்புக் ஏர் கணினிகளில் விசிறியே கிடையாது. சூடு ஏறினால் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கட்டுரை எழுதும்போது இது தெரியாது. முப்பரிமாண வரைபடத்தை அரை மணி நேரம் கணக்கிட விட்டால் தெரியும்.

கணக்கியல், சட்டம், ஆசிரியர் பயிற்சி, அலுவலக வேலை ஆகியவற்றுக்கு 1.3 கிலோ அளவிலான மெலிந்த கணினியே பொருத்தம். 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி. போதும். ஒரு நாள் வகுப்புக்குப் பேட்டரி தாங்கும். ஈப்போவிலிருந்து இ.டி.எஸ். ரயிலில் கோலாலம்பூர் போய்வரும் இளைஞர்களுக்கும் இதுதான் வசதி.

பொறியியல், கட்டடக்கலை, காணொளித் தொகுப்பு என்றால் தனி கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினி தேவை. எடை 2 கிலோவைத் தாண்டும், சார்ஜரும் கனக்கும். பிளக்கைப் பிடுங்கினால் வேகம் குறையும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருள்கள் விண்டோஸுக்காகவே எழுதப்பட்டவை என்பதால், பொறியியல் மாணவர்கள் மேக்புக்கைத் தவிர்ப்பது நல்லது.

அந்த அம்மாவிடம் நான் சொன்னது இது: “வலுவானதையே வாங்குங்கள் அக்கா. உங்கள் காசுக்குத் தொடக்கநிலை கிராஃபிக்ஸ் அட்டை உள்ளது கிடைக்கும். முதல் ஆண்டில் மெலிந்ததும் ஓடும். கடைசி ஆண்டுத் திட்டப்பணியில் அது திணறும், அப்போது புதிதாக வாங்கக் கையில் பணம் இருக்காது. பாரத்தை உங்கள் மகள் முதுகுப்பையில் சுமந்துவிடுவாள்.”

பணம் கட்டுவதற்கு முன் மூன்று காரியங்கள். ஒன்று, எந்த மென்பொருள்களைப் பயன்படுத்துவார்கள் என்று பல்கலைக்கழகத் துறையிடமோ மூத்த மாணவர்களிடமோ கேளுங்கள். இரண்டு, பின்னால் ரேமைக் கூட்ட முடியுமா என்று கடையில் கேளுங்கள். மெலிந்த கணினிகள் பலவற்றில் ரேம் பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். முடியாது என்றால் தொடக்கத்திலேயே 16 ஜிபி எடுங்கள். மூன்று, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வருமான வரி கட்டும் பெற்றோர், பிள்ளைக்கு வாங்கிய கணினியையும் 2,500 வெள்ளி வரையிலான வாழ்க்கைமுறை வரி விலக்கில் காட்டலாம். புத்தகம், வீட்டு இணையக் கட்டணம் எல்லாம் அதே வரம்புக்குள்தான் வரும்.