தானமாக வந்த கணினி, தராமல் வைத்துக்கொண்ட சாவி

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். எங்கள் குடியிருப்பின் இரவுப் பாடசாலைக்கு ஒரு நலம்விரும்பி ஏழு பழைய கணினிகளைக் கொடுத்தபோது நாங்களும் பார்க்கவில்லை. ஆறில் பிள்ளைகள் படித்தார்கள். ஏழாவதை அவருடைய ஆட்களே பிராக்ஸி சர்வராக அமைத்துக் கொடுத்தார்கள். கடவுச்சொல்லை மட்டும் தரவில்லை.

பிராக்ஸி என்பது இடையில் நிற்கும் கணினி. பிள்ளைகளின் கணினிகள் நேராக இணையத்துக்குப் போகாமல் அதனிடம் கேட்கும். அது வாங்கித் தரும். 1990களிலிருந்து புழங்கும் ஸ்க்விட் என்ற கட்டற்ற மென்பொருள் இதற்குப் போதும். 2 ஜிபி நினைவகம் உள்ள பழைய பெட்டியிலும் ஓடும்.

ஒருநாள் ஒரு மாணவி அம்பேத்கர் எழுத்துகளைத் தேடினாள். 'அனுமதி இல்லை' என்றது திரை. வட்டைக் கழற்றி வேறு கணினியில் போட்டுப் பார்த்தோம். ஆபாசத் தளங்களைத் தடுக்கும் பட்டியலில், முகவரியில் அம்பேத்கர் பெயர் வரும் தளங்களும் இருந்தன. கேட்டால், "படிக்கிற பிள்ளைகளுக்கு அரசியல் எதற்கு?" என்று பதில்.

அதைவிடத் திடுக்கிட வைத்தது பதிவேடு. எந்தக் கணினியிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்று ஸ்க்விட் வரிவரியாக எழுதி வைக்கும். அதைப் படிக்கும் உரிமை எங்களுக்கு இல்லை, அவர்களுக்கு இருந்தது.

1927இல் மகத் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் நீர் அள்ளிக் குடித்தார்கள். நகராட்சி ஏற்கெனவே அனுமதித்திருந்த குளம்தான் அது. யார் இறங்கலாம் என்பதை மட்டும் வேறு யாரோ தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஏழாவது கணினியும் அப்படித்தான் இருந்தது.

வட்டை அழித்து, டெபியன் நிறுவி, நாங்களே அமைத்தோம். சில உண்மைகளும் தெரிந்தன. பக்கங்களைச் சேமித்து டேட்டா மிச்சம் பிடிக்கும் என்பது பழைய கதை. இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் பூட்டோடு வருகின்றன. பிராக்ஸியால் அவற்றைச் சேமிக்க முடியாது. பிள்ளைகளின் கணினிகளில் நம் சான்றிதழை ஏற்றிப் பூட்டைத் திறக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அது அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது. மறுத்துவிட்டோம்.

பங்கிடும் வேலைக்கு அந்தப் பெட்டி நன்றாகவே உதவுகிறது. ஒருவர் வீடியோ பார்த்தால் மற்ற ஐவரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கணினிக்கும் வேக வரம்பு வைத்திருக்கிறோம். அதிலேயே கிவிக்ஸ் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவையும் வைத்திருக்கிறோம். இணையம் அறுந்தாலும் படிக்கலாம். 80 வாட் இழுக்கும் பெட்டி இரவும் பகலும் ஓடினால் மாதம் சுமார் 58 யூனிட். பாடசாலை நடக்கும் 4 மணி நேரம் மட்டும் என்றால் 10 யூனிட்டுக்கும் குறைவு.

இப்போது சாவி எங்கள் கையில். நாங்களே புதுக் காவல்காரர்களாகிவிடும் ஆபத்தும் உண்டு. அதனால் தடைப்பட்டியலை அச்சிட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். பிள்ளைகள் கேள்வி கேட்கலாம். பதிவேடு வாரம் ஒருமுறை அழிக்கப்படும்.

தோழர்களே, உங்கள் ஊருக்கும் பழைய கணினிகள் வரும். மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே மூன்று கேள்விகளையும் கேளுங்கள்: கடவுச்சொல் யாரிடம்? பட்டியலை எழுதியது யார்? பதிவேட்டைப் படிப்பது யார்?

கொடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறோம். பெட்டி பழசாக இருக்கட்டும், பரவாயில்லை. சாவியையும் சேர்த்துக் கொடுங்கள்.